தொழிலாளர் இழப்பீடு: மேல்முறையீட்டையே தூக்கிவிட்டால் என்ன?

2025 ஆகஸ்ட் 4, காலை

திருப்பூர் தோழர் ஒருவர் எழுதியது, அப்படியே:

"போன வாரம் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பார்த்தீர்களா? 2003-ல் செத்துப்போன வாட்ச்மேனுக்கு 2025-ல் நியாயம். இந்த லட்சணத்தில் தொழிலாளர் இழப்பீட்டு வழக்கில் அப்பீல் எதற்கு? ஆணையர் போடுகிற உத்தரவே கடைசி என்று சட்டத்தை மாற்றினால் போதும், ஒரு வரித் திருத்தம். எந்தச் சங்கமும் இதை ஏன் கேட்பதில்லை?"

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. இரவு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 4, இரவு

வழக்கு தெரியாதவர்களுக்கு: மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலை. காவலாளிக்கு அதிகாலை 3 மணி முதல் பகல் 11 வரை டூட்டி. 2003 ஏப்ரல் 22 அன்று பைக்கில் வேலைக்குப் போகும் வழியில், ஆலைக்கு 5 கிலோமீட்டர் இருக்கும்போது விபத்தில் இறந்துபோனார். 2009 ஜூனில் ஆணையர் (இந்த வழக்குகளை முதலில் விசாரித்து இழப்பீடு எவ்வளவு என்று உத்தரவு போடுபவர்) ரூ.3,26,140 கொடுக்கச் சொன்னார், 12 சதவீத வட்டியோடு. காப்பீட்டு நிறுவனம் அப்பீல் போக, 2011 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. வேலைக்கு வருகிற வழியில் நடந்தது வேலையில் நடந்ததாகாது என்பது காரணம். 2025 ஜூலை 29-ல் உச்ச நீதிமன்றம் ஆணையர் உத்தரவை மீண்டும் நிலைநிறுத்தியிருக்கிறது. வேலைக்கும் விபத்து நடந்த சூழல், நேரம், இடத்துக்கும் தொடர்பு இருந்தால் வழியில் நடந்ததும் வேலை விபத்துதான் என்கிறது தீர்ப்பு.

இனி கேள்வி. தோழர் ஒன்றைக் கவனிக்கவில்லை. இந்தக் குடும்பம் கடைசியில் ஜெயித்ததும் ஒரு அப்பீலில்தான். 2011-ல் "இதுவே கடைசி" என்று ஒரு சட்டம் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

உயர் நீதிமன்றத்துக்கே போக முடியாதபடி செய்திருந்தால் 2009-லேயே பணம் கைக்கு வந்திருக்குமே என்பீர்கள். உண்மை. ஆனால் ஆணையர் தொழிலாளிக்கு எதிராக உத்தரவு போட்டாலும் அதுவே கடைசி ஆகிவிடும். அந்தப் பக்கத்தில் நின்றவன் நான். நாளைக்குச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 5

கோவை கணபதியில் ஒரு ஜாப் ஒர்க் ஷெட். பவர் பிரஸ். ஆட்கள் பத்துக்குக் கீழே, அதனால் இ.எஸ்.ஐ. கிடையாது. 2014-ல் எனக்கு வயது 30. வலது ஆள்காட்டி விரல் முழுசாகப் போனது. பக்கத்து நடுவிரல் தப்பியது, ஆனால் மடங்காது.

1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில், சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போனது என்று விரலுக்கு விரல் விலை எழுதியிருக்கிறது. கட்டைவிரல் 30 சதவீதம், ஆள்காட்டி 14, நடுவிரல் 12, மோதிர விரலும் சுண்டு விரலும் ஆளுக்கு 7. அப்போது எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் கணக்குக்கு எடுப்பது அதிகபட்சம் ரூ.8,000. அதில் 60 சதவீதம் 4,800. வயதுக்கு ஏற்பப் பெருக்க வேண்டிய எண்ணைச் சட்டம் காரணி என்கிறது, வயது 30-க்கு அது 207.98. பெருக்கினால் 9,98,304. அதில் 14 சதவீதம் ரூ.1,39,762. வந்த உத்தரவும் அவ்வளவுதான்.

மடங்காத நடுவிரல் அட்டவணையில் இல்லை. அதற்கு டாக்டர் சான்றிதழ் வாங்கிக் கொடுத்திருந்தோம். உத்தரவில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு விரல் வேலை செய்யாத கையோடு பிரஸ் ஓட்ட முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. அப்பீல் போகலாமா என்று வக்கீலிடம் கேட்டேன். "இது உண்மை நிலவரம் பற்றிய தகராறு தம்பி. பிரிவு 30-ல் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் உயர் நீதிமன்றம் எடுக்கும். செலவுதான் மிச்சம்" என்றார். விட்டுவிட்டேன்.

தோழர் மூடச் சொல்லும் கதவு ஏற்கெனவே முக்கால்வாசி மூடித்தான் இருக்கிறது. முதலாளிக்கும் மூடியிருக்கிறது, எனக்கும் மூடியிருக்கிறது. முதலாளியிடம் அதைத் தள்ளிப் பார்க்க ஆளும் பணமும் உண்டு, அதுதான் வித்தியாசம்.

ஆகஸ்ட் 6

"சான்றிதழைக் கணக்கிலேயே எடுக்காததும் சட்டப் பிழைதான், நீங்கள் போயிருக்க வேண்டும்" என்று ஒரு வக்கீல் நண்பர் தனியாக எழுதியிருக்கிறார். இருக்கலாம். பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கையும் நினைவுபடுத்தினார். இந்த வட்டாரத்தில் அது எல்லாரும் வாயில் வைத்திருக்கும் வழக்கு, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒடிசாவில் ஜெய்ப்பூர் என்று ஒரு ஊர் (ராஜஸ்தான் ஜெய்ப்பூர் வேறு). அங்கே ஒரு சினிமா கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் 1968 ஜூலையில் விழுந்து, இடது கையை எடுக்க வேண்டி வந்தது. அட்டவணைப்படி பார்த்தால் பகுதி இழப்புதான் என்று முதலாளி வாதாடினார். ஒரு கையோடு தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே 100 சதவீத இழப்பு என்று ஆணையர் போட்ட உத்தரவை உச்ச நீதிமன்றம் ஏற்றது. இழப்பீடு விபத்து நடந்த அன்றே கடனாகிவிடுகிறது என்று சொன்னதும் அதே தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பு வந்தது 1975 டிசம்பரில். ஒரு கைக்கு ஏழு வருஷம். வாட்ச்மேன் குடும்பத்தோடு ஒப்பிட்டால் எக்ஸ்பிரஸ் வண்டி.

ஆகஸ்ட் 9

நிறையப் பேர் கேட்டது: முதலாளி சும்மா அப்பீல் போட்டு இழுத்தடிக்கிறாரே, அவருக்குச் செலவே இல்லையா?

சட்டத்தில் தடுப்பு இருக்கிறது. நல்ல தடுப்பு. முதலாளி அப்பீல் போட வேண்டுமானால் உத்தரவிட்ட தொகை முழுவதையும் ஆணையரிடம் கட்டி, கட்டியதற்கு ஆணையர் தரும் சான்றிதழை அப்பீல் மனுவோடு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மனு செல்லாது. இதை மோட்டார் வாகனச் சட்டத்தோடு வைத்துப் பாருங்கள். அங்கே ரூ.25,000 அல்லது தீர்ப்புத் தொகையில் பாதி, இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும். பத்து லட்சம் தீர்ப்பானாலும் 25 ஆயிரத்தோடு அப்பீலுக்குப் போய்விடலாம். 1923-ல் வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட தொழிலாளர் சட்டம் இந்த விஷயத்தில் கறாராக இருக்கிறது.

கெடு 60 நாள். தாமதத்துக்குக் காரணம் சொன்னால் மன்னிப்பதும் உண்டு. தகராறுத் தொகை முன்பு ரூ.300 இருந்தாலே அப்பீல் போகலாம், 2017 திருத்தத்தில் அதை ரூ.10,000 ஆக்கினார்கள்.

ஆக, முழுப் பணமும் கட்டப்பட்டுவிட்டது. அப்புறம் ஏன் தொழிலாளிக்கு வரவில்லை? என்னைக் கேட்டால், பேச வேண்டியது இதைத்தான்.

ஆகஸ்ட் 10

"உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் முதலாளி நிம்மதியாகத் தூங்கினார்" என்று ஒருவர். அவர் இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள், தூக்கம் போய்விடும்.

ஆகஸ்ட் 17

இதை நிதானமாக எழுத வேண்டும்.

பழைய சட்டத்தில் 30ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. முதலாளி அப்பீல் போட்டால், கட்டிய பணத்தைத் தொழிலாளிக்குக் கொடுக்காமல் ஆணையர் நிறுத்தி வைக்கலாம், உயர் நீதிமன்றம் சொன்னால் நிறுத்தி வைத்தே ஆக வேண்டும் என்றது அது. பல வருஷமாக இதுதான் நடைமுறை. அப்பீல் நம்பர் ஆனதும், அதாவது கோர்ட்டு பதிவேட்டில் ஏறியதும், பணம் டெபாசிட்டில் உறங்கப் போய்விடும்.

2017 திருத்தத்தில் இந்த 30ஏ பிரிவையே நீக்கிவிட்டார்கள். ரூ.300 ஐ 10,000 ஆக்கிய அதே திருத்தம். 2017 மே மாதம் அமலுக்கும் வந்துவிட்டது. அந்தத் திருத்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், இழப்பீட்டு உரிமை பற்றித் தொழிலாளிக்கு முதலாளி எழுத்தில் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காவிட்டால் ரூ.50,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம் என்பதைச் சொல்வார்கள். 30ஏ போனதை யாரும் சொல்வதில்லை.

அப்பீல் நிலுவை என்பதை மட்டும் காட்டி ஆணையர் தானாகப் பணத்தை நிறுத்தி வைக்க இருந்த அதிகாரம் இதனால் போய்விட்டது என்பது என் வாசிப்பு. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தால் அது வேறு விஷயம். தடை இல்லையென்றால் பணம் வெளியே வர வேண்டும்.

நடப்பது வேறு. நான் உதவிக்குப் போன ஒரு வழக்கில் அப்பீல் இன்னும் நம்பர்கூட ஆகவில்லை, குறை இருக்கிறது, சரிசெய்து கொண்டு வா என்று எதிர்த் தரப்புக்குப் பேப்பர் ரிட்டர்ன் ஆகியிருந்தது. பணம் எடுக்க மனு போட்டோம். "அப்பீல் போயிருக்காங்களே, அது முடியட்டும்" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். 30ஏ நீக்கப்பட்டதைச் சொன்னேன். "அப்படியா? ஆர்டர் காப்பி கொண்டு வாங்க" என்றார். நாடாளுமன்றம் ஒரு பிரிவை நீக்கியதற்கு நான் எந்த ஆர்டர் காப்பியைக் கொண்டு போவது? கெஜட்டைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தோம். வாங்கி வைத்துக்கொண்டார். அதற்குள் தடையுத்தரவு வந்துவிட்டது.

திருப்பூர் தோழருக்கு இதுதான் என் பதில். அப்பீலை ஒழிக்க வேண்டாம். அப்பீல் நடக்கிற காலத்தில் பணம் யார் கையில் இருக்கிறது என்பதை மாற்றுங்கள். டெபாசிட் கட்டியதும் குறிப்பிட்ட நாளுக்குள் தொழிலாளி கணக்குக்குப் போய்விட வேண்டும். தடை கேட்கிறவர் ஏன் என்று காட்டட்டும். தடை கொடுத்தாலும் பாதிக்கு மேல் கூடாது. அப்புறம் உயர் நீதிமன்றம் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் சட்டக் கேள்வியை அலசட்டும், அதில் எனக்கு ஆட்சேபமில்லை. அவசரம் எதிர்த் தரப்புக்கு மாறிவிடும்.

ஆகஸ்ட் 18

மேலே எழுதியதில் ஒரு ஒட்டு. இறந்துபோனவர் வழக்கில் பணம் ஆணையர் வழியாகத்தான் போக வேண்டும். முதலாளி நேரடியாகக் குடும்பத்துக்குக் கொடுத்தால் அது இழப்பீடு கொடுத்த கணக்கில் வராது, மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணம் கொடுக்கலாம் அவ்வளவுதான். இது நல்ல ஏற்பாடு. "இந்தா அம்பதாயிரம், கைநாட்டு வை" என்கிற கதை செல்லாது. ஆகவே "தொழிலாளி கணக்குக்கு" என்று நான் சொன்னதை, குடும்பத்துக்குள் பங்கு பிரித்து ஆணையர் போட்ட உத்தரவுப்படி என்று படித்துக்கொள்ளவும். சிறு பிள்ளைகள் பங்கு வங்கியில் இருப்பதில் தப்பில்லை.

ஆகஸ்ட் 23

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது. சிறு தொழில் நடத்தும் ஒருவர் கேட்கிறார்: "பணத்தைக் கொடுத்துவிட்டு மூன்று வருஷம் கழித்து நான் ஜெயித்தால் யாரிடம் போய் வாங்குவேன்? அவர் ஊரைவிட்டே போயிருப்பார்."

நியாயமான கேள்விதான். முதல் நாள் இதைப் படித்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன், இப்போது யோசிக்கிறேன். அவர் பெரிய ஆலை இல்லை. ஐந்து லட்சம் என்பது அவருக்கு ஒரு மெஷின்.

என் கணக்கு இப்படி. மொத்தத் தொகையில் முதலாளியே மறுக்காத பகுதி ஒன்று பெரும்பாலும் இருக்கும். விபத்து நடந்ததை ஒத்துக்கொள்வார், 40 சதவீதம் இல்லை 14 தான் என்பார். அப்போது அந்த 14-க்கான பணத்துக்கு அப்பீலோடு என்ன சம்பந்தம்? சட்டமே இதைச் சொல்கிறது. பிரிவு 4ஏ-வின்படி முழுப் பொறுப்பை ஏற்காவிட்டாலும் ஏற்கும் அளவுக்கு உடனே கட்ட வேண்டும். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி, சரியான காரணம் இல்லாவிட்டால் 50 சதவீதம் வரை அபராதம். இந்தப் பகுதியை அன்றே கட்டுகிற முதலாளியை நான் இதுவரை பார்த்ததில்லை. பார்த்தவர்கள் எழுதுங்கள், மாலை வாங்கிக்கொண்டு வருகிறேன்.

மறுக்கிற பகுதியில் பாதி என்று போன வாரம் சொன்னேனே, அதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். "வேலையில் நடந்த விபத்தே இல்லை", "இவர் என் ஆளே இல்லை" என்ற வகை வழக்குகளில் பாதியைக் கொடுப்பது கஷ்டம், கால்வாசி கொடுக்கலாம். சதவீதத் தகராறில் மட்டும் பாதி. இன்ஷூரன்ஸ் கம்பெனி அப்பீல் போட்டால் இந்தச் சலுகை எதுவும் வேண்டாம். அவர்களுக்குத் திரும்ப வராத பணம் தொழில் செலவு. ஷெட்டுக்காரருக்கு அப்படி இல்லை.

செப்டம்பர் 2

திருப்பூர் தோழர் மறுபடி: "எல்லாம் சரி, பீகார் பையன் குடும்பம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எப்படி வரும்?"

இதை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும், நம் ஊரில் இன்று வேலையில் செத்துப்போகிறவர்களில் எத்தனையோ பேர் வடமாநிலப் பிள்ளைகள். மனு போடும் கட்டத்தில் சட்டம் தாராளம். விபத்து நடந்த இடம், முதலாளியின் பதிவு அலுவலகம் இருக்கும் இடம், குடும்பம் குடியிருக்கும் இடம், மூன்றில் எங்கு வேண்டுமானாலும் போடலாம். ஆனால் உடலை ஊருக்கு அனுப்பும் அவசரத்தில் இதை யார் சொல்வார்கள்? மேஸ்திரி இங்கேயே ஒரு வக்கீலைப் பிடித்து வக்காலத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார். அப்புறம் அப்பீலும் இங்கேதான். நோட்டீஸ் போகும், "விலாசத்தில் ஆள் இல்லை" என்று திரும்பும். எதிர்த் தரப்பு இல்லாமலே விசாரணை நடந்து, தொகை குறைந்துபோனதுகூடக் குடும்பத்துக்குத் தெரியாது.

மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை 2004 ஜூலையில் வந்தபோது தென் மாவட்டக்காரர்களுக்கு எவ்வளவு வித்தியாசம் என்று கண்ணால் பார்த்தோம். சிவகாசி பட்டாசு விபத்துக் குடும்பம் ஒன்று இரவு முழுக்க ரயிலில் உட்கார்ந்து சென்னை வர வேண்டியதில்லை. பீகாரில் இருக்கும் தர்பங்காவுக்குக் கிளை திறக்க முடியாது. ஆனால் காணொலி இருக்கிறது. அந்தக் குடும்பம் தன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் உட்கார்ந்து, இந்தி தெரிந்த ஒரு இலவச வக்கீல் பக்கத்தில் இருக்க, இங்கே நடப்பதைக் கேட்கலாம். அப்பீல் போடுகிறவர்தான் எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் உண்மையாகவே சேர்ந்ததைக் காட்ட வேண்டும், காட்டும் வரை தடை கிடையாது என்று ஒரு விதி இருந்தால் விலாசமெல்லாம் தானாகக் கிடைத்துவிடும்.

செப்டம்பர் 3

"மேஸ்திரிகளைக் குறை சொல்லாதீர்கள்." சரி. எல்லாரையும் சொல்லவில்லை.

செப்டம்பர் 14

வட்டி பற்றிக் கேட்டவருக்கு. விபத்து நாளிலிருந்தா, உத்தரவு நாளிலிருந்தா? 1975 தீர்ப்புப்படி விபத்து நாளில் கடன் பிறந்துவிட்டது. ஆனால் 2007-ல் முபாசிர் அகமது வழக்கில் உச்ச நீதிமன்றமே உத்தரவு நாளிலிருந்துதான் என்று சொல்லிவைக்க, இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் அதைப் பிடித்துக்கொண்டன. 2012-ல் சிபி ஜார்ஜ் வழக்கில்தான், பெரிய அமர்வு சொன்ன 1975 தீர்ப்பே செல்லும் என்று தெளிவாக்கினார்கள். நடுவில் அந்தக் கேள்வியை வைத்தே போடப்பட்ட அப்பீல்கள் வரிசையில் நின்றன.

வாட்ச்மேன் குடும்பத்துக்கு 2003 மே 22-லிருந்து வட்டி. வருஷத்துக்கு ரூ.39,000-க்கு மேல், 22 வருஷத்துக்கு எட்டரை லட்சம் தாண்டும். அசலைவிட இரண்டரை மடங்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிள்ளைகள் படிக்கிற வயதில் வராத பணத்துக்கு இது ஈடா என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். 50 சதவீத அபராதத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்ட வேண்டியதில்லை, முதலாளியே கட்ட வேண்டும் என்று 1997-லேயே தீர்ப்பு இருக்கிறது. முதலாளிகளுக்கு இது தெரிந்தால் "இன்ஷூரன்ஸ் பார்த்துக்கும்" என்று சாய்ந்து உட்கார மாட்டார்கள்.

இதிலிருந்து ஒரு யோசனை. சட்டத்தில் 27 என்று ஒரு பிரிவு தூசி படிந்து கிடக்கிறது. ஒரு சட்டக் கேள்வியை ஆணையரே உயர் நீதிமன்றத்துக்கு எழுதிக் கேட்கலாம், பதில் வந்ததும் அதன்படி முடிக்கலாம். வழியில் நடந்த விபத்து வேலை விபத்தா, வட்டி எந்த நாளிலிருந்து, இதெல்லாம் நூறு குடும்பங்களுக்குப் பொதுவான கேள்விகள். ஒரு தடவை கேட்டு வாங்கிவிட்டால் நூறு குடும்பங்களும் தனித்தனியாக அப்பீலில் நிற்க வேண்டாம். இதைப் பயன்படுத்திய ஒரு ஆணையரையும் நான் சந்தித்ததில்லை.

செப்டம்பர் 28

என் பெரியம்மா பையன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறான். இதையெல்லாம் படித்துவிட்டு "அங்க அப்படி இல்லைடா" என்று போனில் ஒரு மணி நேரம். அங்கே 2019-ல் புதுச் சட்டம் போட்டு 2020 செப்டம்பரில் அமலாக்கினார்கள். காயத்துக்கு இவ்வளவு என்று முதலில் ஒரு மதிப்பீட்டு நோட்டீஸ் வரும். ஆட்சேபம் இருந்தால் 14 நாளுக்குள் சொல்ல வேண்டும். சதவீதத்தில்தான் தகராறு என்றால் மருத்துவக் குழு பார்த்துச் சொல்லும். கோர்ட்டு வரை போவது சட்டக் கேள்விக்கு மட்டும்.

14 நாள் ரொம்பக் குறைவு. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவனுக்கு அந்த நோட்டீஸ் என்னவென்று புரிவதற்குள் கெடு முடிந்துவிடும், அவனும் அதை ஒத்துக்கொண்டான். ஆனால் மருத்துவக் குழு விஷயம் என்னை யோசிக்க வைக்கிறது. என் நடுவிரலுக்குத் தேவைப்பட்டது நீதிபதி இல்லை. எலும்பு மருத்துவர் இரண்டு பேரும், பிரஸ் வேலை என்றால் என்னவென்று தெரிந்த ஒருவரும் போதும்.

இ.எஸ்.ஐ.யில் இந்த ஏற்பாடு இங்கேயே உண்டு. மெடிக்கல் போர்டு சொன்னது பிடிக்காவிட்டால் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், இல்லாவிட்டால் நேராக இ.எஸ்.ஐ. நீதிமன்றம். சம்பளம் ரூ.21,000-க்கு மேல் போனவனுக்கும் ஷெட்டில் வேலை பார்ப்பவனுக்கும் மட்டும் அது இல்லை. சதவீதத் தகராறுக்கு மட்டும் மாவட்டத்துக்கு ஒரு மருத்துவக் குழு, தொழிலாளியும் போகலாம், முதலாளியும் போகலாம். எனக்கு மூடியிருந்த கதவுக்கு இது ஒரு ஜன்னலாவது ஆகும்.

செப்டம்பர் 29

"வேலை தெரிந்த ஒருவர் என்றால் யார், நீங்களா?" நான் இல்லை. எனக்குச் சார்பு இருக்கிறது, விரல்தான் இல்லை.

அக்டோபர் 12

ஒரு வக்கீல் காட்டமாக: "அப்பீல் அப்பீல் என்று பேசுகிறீர்கள், முதல் உத்தரவே வர மாட்டேன் என்கிறது, அதைப் பேசுங்கள்."

சரிதான். 2009 திருத்தத்தில் 25ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். மூன்று மாதத்துக்குள் ஆணையர் முடிக்க வேண்டும். மூன்று மாதத்தில் எதிர்த் தரப்பு வக்காலத்து போட்டால் அதிர்ஷ்டம். வாய்தா, வாய்தா, ஆணையர் வேறு கூட்டத்துக்குப் போய்விட்டார், மறுபடி வாய்தா. மகாராஷ்டிரத்தில் சிவில் நீதிபதிகளே ஆணையர்களாக இருக்கிறார்கள். நம் ஊரில் தொழிலாளர் துறை அதிகாரிக்கு இது பல வேலைகளில் ஒன்று. குறைந்தபட்சக் கூலி, பணிக்கொடை, சமரசப் பேச்சு எல்லாம் அதே மேஜையில். "ஆணையர் உத்தரவே கடைசி" என்று கேட்பவர்கள் அந்த மேஜையை ஒரு நாள் பார்த்துவிட்டு வரட்டும். உண்மை நிலவரத்தில் ஆணையர் சொல்வதே இறுதி என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்கிறது, 2018-ல் வடகிழக்கு கர்நாடகப் போக்குவரத்துக் கழக வழக்கிலும் சொன்னது. அவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமப்பவருக்கு முழுநேரமாக இந்த வேலை மட்டும் கொடுத்தால் பாதி அப்பீல் காணாமல் போகும். சான்றிதழைப் படிக்காமல் விட்ட உத்தரவு மாதிரி வராது.

உத்தரவு வந்த பிறகு வசூல் இன்னொரு பாடு. இன்ஷூரன்ஸ் இல்லாத முதலாளி அப்பீலும் போட மாட்டார், கட்டவும் மாட்டார். நில வரி பாக்கி மாதிரி வசூலிக்கலாம் என்கிறது பிரிவு 31. காகிதம் ஆணையரிடமிருந்து கலெக்டருக்கு, அங்கிருந்து தாசில்தாருக்கு, அங்கிருந்து வி.ஏ.ஓ.வுக்கு. அவர் போய்ப் பார்த்தால் ஷெட் காலி, மெஷின் மச்சான் பேரில். 1864-ஆம் வருஷ வருவாய் வசூல் சட்டம். இதற்குத் தனியாக ஒரு இழை வேண்டும், இங்கே ஆரம்பித்தால் முடியாது.

நவம்பர் 22

நேற்று அறிவிப்பு வந்துவிட்டது. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நவம்பர் 21 முதல் அமல். 1923 சட்டம் போய், 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் ஒரு அத்தியாயமாகிவிட்டது. இத்தனை நாள் நான் எழுதிய பிரிவு எண்கள் எல்லாம் ஒரே ராத்திரியில் பழசு. போகட்டும்.

நல்லது ஒன்று: வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்து, வேலையோடு தொடர்பு காட்ட முடிந்தால், வேலை விபத்தாகவே கருதப்படும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். வாட்ச்மேன் குடும்பம் 22 வருஷம் நடந்து வாங்கியது இனி ஒரு வரியில் இருக்கிறது.

அப்பீல்? சட்டக் கேள்வி இருந்தால் உயர் நீதிமன்றம், 60 நாள், ரூ.10,000. அப்படியே நகல் எடுத்திருக்கிறார்கள். அப்பீலை எத்தனை மாதத்தில் முடிக்க வேண்டும் என்று ஒரு கெடு வைத்திருக்கலாம். சதவீதத்துக்கு மருத்துவக் குழு வைத்திருக்கலாம். நூறு வருஷத்துக்கு ஒரு முறை திறக்கும் புத்தகம், திறந்தவர்கள் அட்டையை மாற்றிவிட்டு மூடிவிட்டார்கள். விதிகளாவது பாக்கி இருக்கின்றன. மாநில விதிகளின் வரைவு வரும்போது ஆட்சேபம் எழுத அவகாசம் கொடுப்பார்கள். டெபாசிட் பணம் எத்தனை நாளில் வெளியே வர வேண்டும் என்ற ஒரு விதியைக் கேட்டு நம் சங்கத்தில் எழுதப்போகிறோம். மற்றதெல்லாம் சட்டத் திருத்தம், அதற்கு டெல்லி. இது இங்கேயே கேட்டுப் பார்க்கக்கூடியது.

நவம்பர் 30

ஓசூரிலிருந்து ஒரு பெண்: அப்பாவுக்கு 2024 பிப்ரவரியில் கட்டட வேலையில் விபத்து, இடுப்பு எலும்பு. மேஸ்திரி "பார்த்துக்கலாம்" என்று இழுக்கிறார். புதுச் சட்டம் வந்துவிட்டதே, எதில் போடுவது?

தங்கச்சி, இழப்பீட்டுத் தொகைக்கு விபத்து நடந்த நாளில் இருந்த சட்டம்தான் கணக்கு. 2020 ஜனவரியிலிருந்து சம்பள உச்சவரம்பு ரூ.15,000. உங்களுக்கு அதுதான். ஆனால் மனு போட இரண்டு வருஷம்தான் கெடு. 2026 பிப்ரவரியில் முடிகிறது. தாமதத்தை மன்னிக்கலாம் என்றாலும் அதை நம்பி உட்காராதீர்கள். அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, கூலி கொடுத்த நோட்டு அல்லது ஜி.பே. பதிவு, கூட வேலை பார்த்த இரண்டு பேரின் போன் நம்பர், இவ்வளவையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே கிருஷ்ணகிரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், வக்கீல் இலவசம். மேஸ்திரியோடு மேல் கான்ட்ராக்டரையும் கட்டட உரிமையாளரையும் எதிர்த் தரப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். டாக்டர் சான்றிதழில் எலும்பு எவ்வளவு போனது என்று மட்டும் இருந்தால் போதாது. கலவைச் சட்டி தூக்கி மாடி ஏற முடியுமா முடியாதா என்று எழுதி வாங்குங்கள். மேஸ்திரி ஏதாவது ஒப்பந்தத் தாளில் கையெழுத்துக் கேட்டால், ஆணையரிடம் பதிவு செய்வதாக இருந்தால் வரச் சொல்லுங்கள், வேறு எதிலும் போடாதீர்கள்.